பிறந்தபடியே ஒரு புல்லட்

அன்புள்ள கயல்,

டெல்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் உன்னைத் தமிழ் படிக்கவைத்த தைரியத்தில் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீ வாசித்த தமிழ் எல்லாம் சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டின் மேல் இருந்ததுதான் என்று எனக்குத் தெரியும். கண்ணால் படித்துப் புரியாவிட்டால் வாய்விட்டுப் படி, காது உதவிக்கு வரும். உறையில் போட்டு ஒட்டவில்லை. நம் வீட்டில் ஒட்டிய உறை எதுவும் உரியவர் கைக்குப் போகும்வரை ஒட்டியபடி இருந்ததில்லை, அம்மா இருக்கிறாளே. அதனால் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து மாட்டிவிடுகிறேன். கல்யாணத்துக்கு வந்திறங்கியிருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் தண்ணீர் எடுக்க வரும்போது படித்துக்கொள்ளட்டும். விஷயம் ஒன்றே ஒன்றுதான். நேரில் சொல்ல வந்தால் எனக்கு வேறு பேச்சு வந்துவிடுகிறது, உனக்கு ஃபோன் வந்துவிடுகிறது. நாளை மறுநாள் காலையில் உனக்குக் கல்யாணம். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு உன்னை என் புல்லட்டில் கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வாக்குக் கொடுத்தபோது உனக்கு ஆறோ ஏழோ வயது. டாங்க்கின் மேல் குட்டி சீட் ஒன்று மாட்டி, அதில் உன்னை உட்காரவைத்து, பின்னால் அம்மா, அவளுக்கும் பின்னால் அரிசி மூட்டை என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பஞ்சாபிக் கல்யாணம். மாப்பிள்ளை குதிரை மேல் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை குதிரையில வாரான், பொண்ணு எதுல வரும்?" என்று கேட்டாய். "நீ நம்ம புல்லட்டுல வருவே, அப்பா கூட்டிட்டு வருவேன்" என்று சொன்னேன். அப்பன்மார் வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம், பிள்ளைகள் அதை மறந்துவிட வேண்டும், அதுதான் முறை. நீ மறக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு லக்னோவிலிருந்து வீடியோவில் வந்த சம்பந்தியிடம் இதைப் போட்டு உடைத்துவிட்டாய். அவர் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "வாஹ் பாய்சாப்! எங்கள் பையன் குதிரையில், உங்கள் பெண் புல்லட்டில்!" என்று இந்தியில் கத்தி, பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "பக்கா தானே அப்பா?" என்று கேட்டாய். முன்பின் தெரியாத லக்னோக்காரர் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதன் என்ன சொல்ல முடியும்? பக்கா என்றேன்.

அன்றைக்கு வண்டி இருந்த நிலைமை உனக்குத் தெரியும். மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, பூனை குட்டி போடுகிற இடமாக இருந்தது. டெல்லியில் பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டி தெருவில் தலை காட்டினால் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போய் உடைத்துவிடும் என்று ஆனபிறகு நான் அதை வெளியே எடுப்பதில்லை. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி, ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்தபடியே இருந்தால், விண்டேஜ் என்று தனியாகப் பதிவு பண்ணித் தருவார்கள். நம் வண்டிக்கு ஐம்பது தாண்டியாயிற்று. பிறந்தபடியேதான் இல்லை. இருக்கும்படி நாம் விட்டோமா? கறுப்பாகப் பிறந்த வண்டிக்கு, எருமை மேல் ஏறமாட்டேன் என்று நீ அழுததற்காகச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். உனக்கு டாங்க் சீட், அம்மாவுக்குக் கால் வைக்க அகலமாக ஒரு தகடு, அரிசி மூட்டைக்குக் கேரியர், எனக்கு முதுகு வலி வந்தபோது உயரமான ஹேண்டில்பார், அடுத்த தெருவுக்கும் கேட்கிற மாதிரி இரட்டை ஹாரன். வண்டி வண்டியாகவே இல்லை, ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்தில் ஆள் கூடக்கூட அதிலும் ஏதாவது கூடிக்கொண்டே போயிற்று.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் தணிக்கை பார்த்தவன். அனுமதிக்கப்பட்டது எது, அனுமதி இல்லாமல் சேர்ந்தது எது என்று பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அந்தப் புல்லட்டின் பழைய பாகங்கள் புத்தகம் ஒன்றின் ஜெராக்ஸ் கிடைத்ததோ இல்லையோ, எனக்கு மறுபடியும் வேலையில் சேர்ந்த சந்தோஷம் வந்துவிட்டது. புத்தகத்தில் இல்லாததை எல்லாம் கழற்றினேன். கேரியர் போயிற்று, ஹாரன் போயிற்று. அம்மாவின் தகட்டை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, அப்போ நான் காலை எங்கன வைக்கது?"

"ஃபேக்டரியில குடுக்கலியே. புஸ்தகத்துல இல்ல."

"ஃபேக்டரிக்காரனா வந்து என்னையக் கட்டிக்கிட்டுப் போனான்?"

கயல், கல்யாண வாழ்க்கையைப் பற்றி அறிவுரை சொல்ல வேண்டிய இடம் ஏதாவது இந்தக் கடிதத்தில் உண்டென்றால் இதுதான். பதில் இல்லாத கேள்வியை உன் வீட்டுக்காரர் கேட்டால், கையில் இருக்கிற ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நில். இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்கு நாலு நாள் ஆயிற்று, அது வேறு.

நீ குருகிராமில் ஆபீஸே கதி என்று கிடந்த மாதங்களில் வீட்டில் நடந்தது பாதி உனக்குத் தெரியாது. கல்யாண வேலையும் வண்டி வேலையும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில், ஒரே கரோல்பாக்கில் நடந்தன. அந்த ஊரில் புடவைக் கடை இருக்கிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற சந்துகள் இருப்பது என் தப்பா? ரவிக்கை வாங்கி வரப் போய் டெயில் லேம்ப்போடு வந்தேன். பந்திக்கு எவர்சில்வர் வாளி பார்க்கப் போய் மட்கார்டோடு வந்தேன். ஒரு தடவை டெயில் லேம்ப்பைப் புடவைக் கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன், பார்த்தால் தெரியாது என்று. அம்மா ஆசையாகப் பையைத் திறந்தாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் இருந்ததே நல்லது.

சந்தில் எனக்கு வாய்த்தவன் குல்தீப். வாயைத் திறந்தால் "ஒரிஜினல் ஹை, அங்கிள்ஜி" என்பான். அவன் கடையில் இருக்கிற எல்லாமே ஒரிஜினல். பெயின்ட் காயாத மட்கார்டைக் கையில் கொடுத்து, கம்பெனிச் சரக்கு, ஐம்பது வருடமாகக் கோடவுனில் தூங்கிக்கொண்டிருந்தது என்பான். என் கட்டைவிரல் அதில் பதிந்துவிட்டது. "தூங்குகிற சரக்குக்கு வேர்க்குமா?" என்று கேட்டேன். "கர்மீ ஹை நா, அங்கிள்ஜி" என்றான், வெயில் காலமாம். தணிக்கையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், இவனை மாதிரி ஒருவன் எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் செயலாளராகவே ஆகியிருப்பான். இருந்தும் அவனிடம்தான் போனேன். மற்றவர்கள் "கிடைக்காது" என்றார்கள், இவன் "கிடைக்கும்" என்றான். ஆசை பிடித்தவனுக்கு யார் பேச்சு காதில் ஏறும் என்று நீயே சொல்லு.

பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வேறு சேர்ந்தேன். நம் குடும்பக் குழுவில் வருகிற குட்மார்னிங் பூக்கள் எவ்வளவோ மேல். அங்கே ஒரு திருகாணியின் தலையில் ஒற்றைக் கீறலா, நட்சத்திரக் கீறலா என்பதற்காக வயசான மனிதர்கள் ஒருவரை ஒருவர் துரோகி என்று திட்டிக்கொண்டார்கள். நானும் திட்டினேன். உன் கல்யாணப் பத்திரிகையை அந்தக் குழுவில் போட்டபோது வந்த முதல் பதில், "வாழ்த்துக்கள், அம்மீட்டர் கிடைத்ததா?" என்பது. கிடைத்தது. உன் அறையில் புடவைப் பெட்டிக்கும் சீர் பாத்திரங்களுக்கும் நடுவில் வைத்திருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "அரே யார், அப்பா! இது என் ரூமா, ஒர்க் ஷாப்பா?" என்று கத்தினாய். அப்போது கூட நான் மனதுக்குள், "ஸ்பீடாமீட்டரை இவள் இன்னும் பார்க்கவில்லை" என்றுதான் நிம்மதிப்பட்டேன். அது உன் தலையணைக்கு அடியில் இருந்தது.

கார்புரேட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன், அம்மா எப்படியும் சொல்லுவாள். அதில் வருடக்கணக்கான பிசின் படிந்து கிடந்தது. வெந்நீரில் கொதிக்கவைத்தால் விடும் என்று குழுவில் சொன்னார்கள். வீட்டில் பெரிய பாத்திரமாக இருந்தது இட்லிக் கொப்பரைதான். மூடிவைத்து அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து, ஊதுபத்தி எல்லாம் ஏற்றினேன். அம்மா கோயிலிலிருந்து வந்து மோப்பம் பிடித்துவிட்டாள்.

"என்னத்த அவிச்சிட்டு இருக்கிய?"

"ஒண்ணுமில்ல. கார்புரேட்டர்."

அவள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "ஈர்க்குச்சி விட்டுப் பாருங்க, வெந்துட்டுதான்னு" என்று சொல்லிவிட்டுப் போய் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அன்றைக்கு ராத்திரி உப்புமா. அடுத்த வாரமே கரோல்பாக்கிலிருந்து புதுக் கொப்பரை வந்துவிட்டது, பழையது சம்பந்தி வீட்டுக்குப் போகிற சீரில் சேராது, பயப்படாதே.

இனிமேல்தான் வலிக்கிற இடம் வருகிறது. பாகங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனவன் கியர் படத்தில் வந்து நின்றேன். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைக்கு நீங்கள் ஓட்டுகிற எல்லா வண்டிக்கும் நேர் எதிர். நம் வண்டியும் அப்படித்தான் பிறந்தது. நீ பிறப்பதற்கும் முன்பே நான்தான் அதை இடது பக்கம் மாற்றிக்கொண்டேன், ஊர் உலகமே இடது பக்கம் போய்விட்டது, நான் மட்டும் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று. அதையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று குழுவில் கேட்டேன். துரோகி என்றார்கள். சரி என்று குல்தீப்பிடம் சொல்லித் திரும்பவும் வலது பக்கமே வைத்துவிட்டேன். எல்லாம் முடிந்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, டாங்க்கில் கையாலேயே தங்கக் கோடு போட்டு வண்டியை நிறுத்தியபோது சத்தியமாகச் சொல்கிறேன், உன்னை ஆஸ்பத்திரியில் முதன்முதலில் காட்டியபோது பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். நீயும் அப்போது கறுப்பாகத்தான் இருந்தாய்.

சோதனைக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். அதிகாரிகள் நம்பரைப் பார்த்தார்கள், புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள், ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. பதிவு கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் பதிவுச் சீட்டில் ஓர் ஓரமாக இருந்ததைப் படித்தேன். இந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி நாட்களில் மட்டும் எடுக்கலாம். ஓட்டுவதற்காகத்தான் இத்தனை பாடும் பட்டது, பட்டு முடித்தால் ஓட்டக் கூடாதாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே, "கல்யாணமும் ஊர்வலந்தானே, மண்டபம் நம்ம காலனிக்குள்ள இருக்க பராத் கர் தானே, மெயின் ரோட்டுக்கா போகப் போறிய?" என்று வழியும் சொன்னாள். அந்த மட்டில் அவள் என் கட்சிதான்.

மறுநாள் காலையில் காலனிக்குள் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்று எடுத்தேன். நல்ல பனி. முனிர்காவில் நம் பிளாக்கில் எத்தனை பால்கனி உண்டோ அத்தனையிலும் ஆள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று, கை தட்டினார்கள். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். மூலையில் திரும்பியதும் வேப்பமரத்தடியில் இஸ்திரிக்காரரின் மேசை வந்தது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி வேகமாகப் போயிற்று. இன்னும் அழுத்தினேன், இன்னும் வேகமாகப் போயிற்று. வலது கால், கயல். இத்தனை வருடப் பழக்கத்தில் என் வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்துகிறது, அங்கே இருப்பதோ கியர். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு கியர் மேலே போகிறது.

"அங்கிள்ஜி, பிரேக் மாரோ!" என்று இஸ்திரிக்காரர் கத்துகிறார்.

"அதைத்தான்யா மிதிச்சிட்டிருக்கேன்!" என்று நான் சுத்தத் தமிழில் கத்துகிறேன்.

அவர் நல்லவேளையாகக் கரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நானும் மேசையும் சேர்ந்து விழுந்தோம். பிளாக்கில் உள்ள அத்தனை பேருடைய துணியும் என் மேல். பனிக்காலத்தில் அப்போதுதான் தேய்த்த துணி, பொய் சொல்லக் கூடாது, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு இடுப்பில் பெரிய ரத்தக்கட்டு, முழங்காலில் வீக்கம். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொன்னோமே, அது இதுதான். நீயும் உடனே ஆன்லைனில் ரப்பர் பாய் வாங்கி அனுப்பினாய். அதில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், எண்ணெய் சொட்டினால் தரை கெடாமல் இருக்கிறது.

அதற்குப் பிறகும் விட்டேனா? சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, இடது பிரேக், வலது கியர், இடது பிரேக், வலது கியர் என்று காலை ஆட்டிப் பழகினேன். அம்மா யாரிடமோ ஃபோனில், "இவுகளுக்கு நரம்புல என்னமோ, கால் தன்னால ஆடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இடது செருப்பில் சிவப்புக் கயிறு கட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன், வண்டியில் ஏறினேன், காலைப் பார்த்தேன், இறங்கிவிட்டேன். மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேர இப்போது நேரமாகிறது. அறுபத்தாறு வயது. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்: எனக்குப் பயம் வந்துவிட்டது. விழுவதற்கு இல்லை. நீ பின்னால் இருக்கும்போது விழுவதற்கு. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எம்பிள்ளைய முகூர்த்தத்தன்னிக்கு இஸ்திரி மேசையில கொண்டு போட்டுராதிய." உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் போயிற்று. நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்து, "அப்பா, ரெடியா?" என்றாய். நான் ஒவ்வொரு ஞாயிறும் பக்கா என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மா என்னை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு விரட்ட ஆரம்பித்தாள். அப்பளம் வேண்டும், பெருங்காயம் வேண்டும், மறுபடியும் அப்பளம் வேண்டும். கல்யாண வீடு, செலவாகும் என்று நானும் போய்க்கொண்டிருந்தேன். பொட்டுக்கடலை வாங்கிவந்து டப்பாவைத் திறந்தால் அதில் பொட்டுக்கடலை நிரம்பி வழிகிறது. இலாகாவையே ஆட்டிவைத்த தணிக்கைக்காரன், சொந்த வீட்டு அப்பளக் கட்டை எண்ணத் தவறிவிட்டேன். ஒரு ஞாயிறு பஸ் ஸ்டாப் வரைக்கும் போன பிறகு பையை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். காலனிக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். பால் பூத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நீதான். என் வண்டியில். அம்மா தெருமுனையில் உன் துப்பட்டாவையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு காவல் நிற்கிறாள். "இன்னும் ஒரு ரவுண்டு போடுட்டி, அப்பா இப்பதான் பஸ் ஏறியிருப்பாவ" என்று சொல்கிறாள். இஸ்திரிக்காரர் மேசையை முன்கூட்டியே நகர்த்திவைத்திருக்கிறார், ஆக அவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. முதலில் வந்தது கோபம்தான், மறைக்கமாட்டேன். என்னிடம் கேட்காமல் என் வண்டியை எடுத்தாய் என்று. அதற்கப்புறம் பொறாமை. மூலையில் வந்து, வலது காலால் கியரைக் குறைத்து, இடது காலால் பிரேக்கைத் தொட்டுத் திரும்பினாய், என்னவோ அந்த வண்டி உனக்காகவே செய்யப்பட்ட மாதிரி. எனக்குச் செய்யாத உபகாரத்தை அது உனக்குச் செய்கிறது. பிறகு மரத்தடியில் நிறுத்தினாய். நிறுத்தியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உன் கால் தரைக்கு எட்டவில்லை, விரல் நுனிதான் பட்டது. நீ தொடையால் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து நிமிர்த்தினாய். அம்மா ஓடிவந்து பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தீர்கள். நான் பூத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். பூத்துக்காரர் என்ன ஏது என்று கேட்டு ஒரு மோர் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார், குடித்தேன்.

நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். குளியலறைக் கதையை நீ ஒரு நாளும் நம்பவில்லை, அப்படித்தானே? இஸ்திரிக்காரர் சொல்லியிருப்பார். அப்பா முடியாது என்று சொல்ல வெட்கப்படுகிறார், கடைசி நிமிஷத்தில் கால் ஏதாவது பண்ணினால் நாம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து நீ பழகியிருக்கிறாய். என் மானத்தைக் காப்பாற்ற ஆத்தாளும் மகளும் சேர்ந்து என்னை அப்பளம் வாங்க அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு காலையில் நானே அம்மாவிடம் போய், "ஐ.என்.ஏ.ல ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். "பெருங்காயம்" என்றாள். போய், தேவைக்கு மேல் நேரமெடுத்து, இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் நன்றாகப் பழகட்டும் என்றுதான். சமையலறையில் இருக்கிற பெருங்காயத்தைக் கொஞ்சம் உன் புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, நாங்கள் இருவரும் சாகும்வரை தின்றாலும் தீராது.

போன வாரம் சீட்டை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கரோல்பாக் போனேன். ஸ்பான்ஜை வெட்டி உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று குல்தீப்பிடம் சொன்னேன். அவன் பதறிப்போய்விட்டான். "பைத்தியமா பிடித்துவிட்டது, அங்கிள்ஜி? உங்கள் மொத்த வண்டியில் இது ஒன்றுதான் நிஜமான ஒரிஜினல்!" என்று இந்தியில் கத்தினான். கத்திய பிறகு என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் அதைக் காதில் வாங்காத மாதிரி, "வெட்டு" என்றேன். வெட்டிக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். மறுபடி சோதனை என்று வந்தால் பதிவே போனாலும் போகும், போகட்டும். குழுவில் சொல்லவில்லை, சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். நேற்றுக் காலையில் அம்மாவை ஏறி உட்காரச் சொன்னேன், அவளும் உன் உயரம்தானே. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தது. அவள் காலைப் பார்த்தாள், சீட்டைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இறக்கி விடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே விஷயம் இதுதான். என்னால் உன்னைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆயிற்று. நாளை மறுநாள் நீ ஓட்டு. கூறைப்புடவையை மண்டபத்தில் போய்க் கட்டிக்கொள், செயினில் மாட்டினால் கூறை போய்விடும். லக்னோ சம்பந்தி வாசலில் நிற்பார். அவரிடம் சொன்னது வேறு மாதிரிதான், பார்த்துக்கொள்ளலாம். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன், ஓட்டித்தான் எனக்குப் பழக்கம், மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று வாய்க்கு வரும், முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன். பின்னால் பிடிக்கக் கம்பி ஒன்றும் இல்லை, ஃபேக்டரியில் கொடுக்கவில்லை. நான் எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் அப்பா